பருத்திப்பூவா பாதாம்பாலா

தம்பி! உங்களைத்தானுங்க. துணி காயப் போடுகிறவரே. கொஞ்சம் இப்படித் திரும்புங்க.

பயப்படாதீங்க. திருடனில்லை. திருடன் ஜன்னல் கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டு ஆளைக் கூப்பிடுவானா?

பக்கத்து வீடுதான். தமயந்தியினுடைய அப்பன். பேர் நாச்சிமுத்து, ஊர் பொள்ளாச்சி. காலையில் வந்தேன். இப்போது இந்த அறையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கதவு ஒட்டிக்கொண்டது. சங்கதி அவ்வளவுதான். உங்களுக்கு அவசர வேலை இல்லையே? இல்லையென்றால் கொஞ்சம் நில்லுங்க. சுவரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்விட்டது.

தண்ணீரா? வேண்டாம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுகிறதில்லை. எங்க அப்பன் அப்படி. அவருக்கு அப்பனும் அப்படித்தான். வரும்போதே பாட்டிலில் கொண்டுவந்துவிடுவேன். பாட்டில் பையில் இருக்கிறது. பை கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உங்க வீடு வேறதானுங்க, ஒத்துக்கொள்கிறேன். கட்டடம் ஒன்றுதானே? வேண்டாம் விடுங்க. பன்னிரண்டு மணி வண்டிக்குக் கிளம்புகிற ஆள் நான்.

கதவா? எனாமல் அடித்திருக்கிறான். லூர்து என்று ஒரு பெயிண்டர். அடிக்கும்போது கைப்பிடியைக் கழற்றிவிட்டான். கழற்றித்தான் அடிக்க வேண்டும், அது சரி. நான்தான் படார் என்று சாத்தினேன். பூட்டு நாக்கு போய்க் குழிக்குள் உட்கார்ந்துகொண்டது. ஈர எனாமல் சட்டத்தோடு கவ்விக்கொண்டது. உள்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு. இழுக்க என்ன இருக்கிறது? ஒரு ஓட்டை இருக்கிறது. தமயந்தி அந்தப் பக்கமிருந்து கரண்டிக் காம்பை விட்டுத் திருகினாள். கரண்டி வளைந்தது.

சிரிக்காதீங்க. ஈரம் காயாத கதவைச் சாத்தக் கூடாதென்று எனக்கா தெரியாது? ஒரு பஸ் கம்பெனியில் ஷெட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். வருசம் தவறாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எஃப்.சி. சோதனைக்கு முன்னால் அத்தனை வண்டிக்கும் பெயிண்ட் அடிப்போம். கதவைச் சாத்தினவனை என்ன திட்டுத் திட்டியிருக்கிறேன் தெரியுமா? வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சரி. அது கிடக்கட்டும்.

அந்தச் சுவரைப் பாருங்க. எனக்குப் பின்னால், உங்க பால்கனிக்கு நேர் எதிரில். ரெண்டு பட்டை தெரியுதா? ஆள் அகலத்துக்கு ஒன்று, பக்கத்திலேயே இன்னொன்று. இடது பக்கம் இருக்கிறதற்குப் பேர் பருத்திப்பூவாம். வலது பக்கம் பாதாம்பாலாம். கடைக்காரன் வைத்த பேர். இப்போது நீங்க சொல்லுங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பார்த்தீங்களா. யோசிக்கிறீங்க. வெள்ளையென்றால் வெள்ளையில்லை. மஞ்சளென்றால் மஞ்சளில்லை. பழைய வேட்டிக்கும் பழைய பனியனுக்கும் உள்ள வித்தியாசம். இதில் ஒன்றைத் தேர்ந்தெடு, தேர்ந்தெடு என்று காலையிலிருந்து என் உயிரை எடுக்கிறார்கள்.

நான் வந்தது கலர் பார்க்க இல்லை. என் சம்சாரத்தைக் கூட்டிப்போக வந்தேன். மயிலாத்தாள். பார்த்திருப்பீங்க, சாயங்காலம் மாடியில் நடப்பாளாமே. நடக்கிறாள்! பொள்ளாச்சியில் இருந்தவரைக்கும் தெருமுனைக்குப் போனதில்லை. தமயந்திக்குக் கால் பிசகி மாவுக்கட்டுப் போட்டிருந்தார்களல்லவா, அப்போது துணைக்கு வந்தாள். போ என்று நான்தான் அனுப்பினேன். கட்டைப் பிரித்தார்கள். வரவில்லை. மகள் நொண்டாமல் நடந்தாள். வரவில்லை. போனில் கேட்டால், "பாக்கலாமுங்க" என்கிறாள். என்ன பார்ப்பது? நான் மெஸ்ஸில் தின்றுகொண்டிருக்கிறேன். அந்த சாம்பாரைக் குடித்தால் தெரியும், யார் யாரைப் பார்க்க வேண்டுமென்று.

ஆகவே பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கிளம்பு" என்றேன்.

"உள்ள வாங்க. ரூமைப் பாருங்க" என்றாள்.

"எந்த ரூம்?"

தமயந்தி முந்திக்கொண்டாள். "உங்களுக்கும் அம்மாவுக்கும்தானுங்கப்பா. இத்தனை நாளா சாமான் போட்டு வெச்சிருந்தோம். ஒழிச்சாச்சு. கலரு மட்டும் பாக்கி. நீங்க வந்து சொல்லோணும்னுதான் நிறுத்தி வெச்சிருக்குது."

கேட்டீங்களா? எனக்கு ரூம். பெண் கட்டிக்கொடுத்த வீட்டில். மகன் இல்லாதவன் என்றால் மகள் வீட்டில் மூலையில் போய் உட்கார வேண்டுமா? ஊரில் என்ன சொல்லுவான்? நாச்சிமுத்து மருமகன் சோற்றில் கிடக்கிறான் என்பான். மாப்பிள்ளை நல்ல மனுசன்தான். "மாமா, ஒறம்பரை மாதிரி நினைக்காதீங்க" என்றார். நான் ஒறம்பரை மாதிரி நினைக்கத்தானே விரும்புகிறேன்? ஒறம்பரை என்றால் விருந்தாளி, சாயங்காலம் கிளம்பிவிடலாம்.

சரி, சிறுசுகள் ஆசையாகக் கேட்கிறதுகளே, ஒரு கலரைச் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போவோம் என்று பார்த்தேன். நான் எதையும் இழுத்தடிக்கிற ஆளில்லை. இந்த மாப்பிள்ளையைப் பார்க்கப் போனபோது காப்பி ஆறுவதற்குள் முடிவு சொன்னவன். பொள்ளாச்சி வீடு வாங்கும்போது உள்ளேகூடப் போய்ப் பார்க்கவில்லை. வெளியே நின்று பார்த்தேன், சரி என்றேன். மயிலாத்தாளைப் பார்க்கப் போனபோதும் அப்படித்தான்.

ஆனால் இந்தச் சுவர் முன்னால் நின்றால் வாய் வரவில்லை. இதென்ன கண்கட்டு வித்தையா என்று தோன்றியது. நாலு பேரைக் கேட்போமே என்றுதான் கேட்டேன். தனியாக முடிவெடுக்கிறான் என்று ஒரு சொல் வரக்கூடாது பாருங்க. லூர்துவைக் கேட்டேன். "ரெண்டும் நல்லா இருக்குமுங்கய்யா" என்றான். பெயிண்டர் வேறென்ன சொல்லுவான்? மாப்பிள்ளையைக் கேட்டேன். "உங்க இஷ்டம் மாமா." கீழே போய் வாட்ச்மேனை லிஃப்டில் கூட்டிவந்து நிறுத்தினேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வலது பக்கத்தைக் காட்டினான். ஏனென்று கேட்டால் அதுதான் விலை ஜாஸ்தி மாதிரி தெரிகிறதாம். எங்க பழைய டிரைவர் காளியப்பனுக்குப் போன் போட்டேன். "கலரு எதுவா இருந்தா என்ன மச்சான், சோறு போடறாங்களா?" என்று கேட்டான். வைத்துவிட்டேன்.

இப்போது உங்களையும் கேட்டாயிற்று. இன்னும் யார் பாக்கி?

ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன், "ஏதோ ஒண்ணை அடிங்க" என்று. தப்பா?

மயிலாத்தாள் என் எதிரில் வந்து நின்றாள். அப்போது வாயைத் திறந்தாள். "ஏதோ ஒண்ணுங்கறது ஒறம்பரைப் பேச்சுங்க. குடியிருக்கறவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. நீங்க கலரைச் சொன்னா, இங்க இருக்கறீங்கன்னு அர்த்தம். சொல்லலீன்னா பன்னெண்டு மணி வண்டிக்குக் கெளம்புங்க. நான் வர்லீங்க."

நான் வர்லீங்க! எப்படி இருக்கிறது?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியா, கலர்தானே வேணும்? பச்சை அடி" என்றேன். "நம்ம வீட்டுப் பச்சை."

எங்க வீட்டுப் பச்சை உங்களுக்குத் தெரியாதே. எங்க கம்பெனி வண்டியின் பச்சை. வருசா வருசம் டப்பாவில் மிஞ்சும். முதலாளியே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுவார். ஹால், படுக்கிற அறை, சமையலறை, எல்லாச் சுவரும் அதுதான். பளபளவென்று இருக்கும். எண்ணெய் தெறித்தால் துணியை வைத்துத் துடைத்தால் போதும். முப்பது வருசம் ஆயிற்று, ஒரு இடத்தில் உரிந்ததில்லை. அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன அர்த்தம்? பிடித்திருக்கிறதென்று அர்த்தம். நான் அவளுக்கு ஒரு குறை வைத்ததில்லையுங்க. வாய் திறந்து கேட்கிற நிலைமையே வரவிட்டதில்லை. தீபாவளிக்குச் சேலைகூட நானே போய் எடுத்து வந்துவிடுவேன். அரக்குக் கலர். அழுக்குத் தெரியாது. ஒவ்வொரு வருசமும் அரக்குக் கலர்தான். கட்டிக்கொள்ளுவாள்.

அந்த மயிலாத்தாள் சொல்கிறாள், பச்சை என்ற சொல்லைக் கேட்டதும் சொல்கிறாள்: "முப்பது வருசமா பஸ்ஸுக்குள்ளயே குடியிருந்துட்டேனுங்க. போதும். நான் எறங்கிக்கறேன்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, ஆபீசுக்கு நேரமாயிற்று என்று படியிறங்கிப் போனார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. தமயந்தி சிரிக்கவில்லை. அவள் அவங்க அம்மாவைப் பார்த்தாள். ஏதோ முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

நான் இந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன்.

அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னாலேயே லூர்து பெயிண்ட் கடைக்குப் போய்விட்டான். கைப்பிடி அவன் பையில். தமயந்தி போன் போட்டாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கடையில்தான் நிக்கறேனுங்கக்கா. கலரைச் சொன்னீங்கன்னா மெசின்ல கலக்கி, டப்பாவோட வந்தர்றேன். இப்ப வந்துட்டு மறுக்கா கடைக்கு வரோணும்னா பாதி நாள் போயிருமுங்க. கைப்பிடி பத்திரமா இருக்குதுன்னு ஐயாகிட்டச் சொல்லுங்க."

பத்திரமாக இருக்கிறதாம்.

ஆகவே நிலைமை இதுதான் தம்பி. கலரைச் சொன்னால் கதவு திறக்கும். ஆனால் கலரைச் சொன்னால் இங்கேயே இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் இந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். எப்படிப் புரட்டிப் போட்டாலும் இருப்பது நான்தான்.

பொய்யாக ஒன்றைச் சொல்லிவிட்டு, கதவு திறந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்கிறீங்க. போகலாம். எனக்குச் சொன்ன சொல் மாறிப் பழக்கமில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் இந்தப் பொறியை வைத்தாள்.

நல்லா வைத்தாள்.

இருங்க, வெயில் வந்துவிட்டது, கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். இந்த அறையில் உட்கார ஒன்றும் கிடையாது. காலி டப்பா ஒன்று கிடக்கிறது, அதில்தான் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கே பார்ப்பது? பார்க்கப் பார்க்க ஒன்று தெரிகிறதுங்க. காலையில் ரெண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. வெயில் படும்போது இடது பக்கத்தில் ஒரு மஞ்சள் ஓடுகிறது. வலது பக்கத்தில் ஏதோ சிவப்பு, சிவப்பென்று சொல்ல முடியாது, காய்ச்சின பாலில் ஆடை கட்டுமே, அந்த மாதிரி. மேகம் மறைத்தால் மறுபடியும் ஒன்றாகிவிடுகிறது. இவ்வளவு நேரம் ஒரு சுவரை உட்கார்ந்து பார்த்தவன் கோயம்புத்தூரிலேயே நானாகத்தான் இருப்பேன்.

என்னது? சத்தமாகச் சொல்லுங்க, கீழே வண்டி போகிறது.

அம்மாவுக்கு எது பிடிக்கும் என்றா?

எந்த அம்மாவுக்கு? ஓ, மயிலாத்தாளுக்கா?

அவளை எதற்குங்க கேட்க வேண்டும்? அவள் எல்லாவற்றுக்கும் சரியென்பாள். கேட்டாலும் அதே, கேட்காவிட்டாலும் அதே. நேரம்தான் வீண். தவிர, அவளுக்குக் கலரைப் பற்றி என்ன தெரியும்? காலையில் என்ன செய்தாள் பாருங்க, நேராகப் போய் அந்த இடது பக்கப் பட்டையில் உள்ளங்கையை வைத்துவிட்டாள். ஈரப் பெயிண்ட். அஞ்சு விரலும் அப்படியே பதிந்துபோயிற்று. அங்கிருந்தே தெரியும், பாருங்க. எங்க ஷெட்டில் எவனாவது அப்படிக் கை வைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நான் சத்தம் போட்டேன். அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் சொன்னாள், "பருத்திப்பூ மொத நாளு இந்த நெறந்தானுங்க. மறுநாளு செவந்துரும்" என்று. அவள் உடுமலைப் பக்கம், பருத்திக் காட்டுக்காரி.

அட.

இருங்க. இருங்க.

இவள் அப்போதே சொல்லிவிட்டாளே! எனக்குப் புத்தி ஓடவேயில்லை பாருங்க. பருத்திப்பூ. பிறந்த ஊர் ஞாபகம். அதுதான் கை வைத்துப் பார்த்திருக்கிறாள். வாய் விட்டுச் சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன சிங்கமா புலியா?

நீங்க இங்கேயே நில்லுங்க. ஒரே நிமிசம். சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள். அப்போதே இருமல் கேட்டது. நான் உங்களிடம் பேசினதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். கேட்கட்டும்.

ஏ மயிலாத்தா! தமயந்தியை லூர்துவுக்குப் போன் போடச் சொல்லு. பருத்திப்பூ! இடது பக்கத்தது! முடிஞ்சுது! நான் சொல்லிட்டேன், இனி எனக்குப் பன்னெண்டு மணி வண்டியும் கிடையாது, ஒரு மணி வண்டியும் கிடையாது! போதுமா?

...

தம்பி. இருக்கிறீங்களா? போகவில்லையே?

அவள் சொன்னது உங்களுக்குக் கேட்டதா? இல்லையா? நல்லது. வேண்டாம், சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும்.

"பருத்தி வேண்டாமுங்க" என்கிறாள்.

"நீதானே கை வெச்சே?" என்றேன்.

"ஈரம் காஞ்சுதான்னு பாத்தேனுங்க."

"பருத்திப்பூ பத்தி அவ்வளவு பேசினியே?"

"பேசுனா? பன்னெண்டு வயசுல இருந்து பருத்தி எடுத்தவளுங்க நான். காய் ஓடு குத்திக் குத்தி நகக்கண்ணெல்லாம் வெடிச்சுக் கெடக்கும். அந்தப் பேரைக் கேட்டாலே விரலு எரியுது. அதுக்குள்ள போய்ப் படுக்கச் சொல்றீங்களா?"

எனக்கு இது தெரியாதுங்க. அவள் சொன்னதில்லை. விரல் வெடித்திருந்ததென்று யார் சொன்னார்கள் எனக்கு? நான் பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

சரி. போகட்டும். இடது இல்லையென்றால் வலது. இதிலென்ன இருக்கிறது? "அப்பப் பாதாம்பால்" என்றேன். "லூர்துகிட்டச் சொல்லு."

ஒரு இருமல்தான் வந்தது.

"என்ன, அதுவும் வேண்டாமா?"

"அதையும் நீங்களே சொல்லிட்டீங்க."

"பின்னே யாரு சொல்றது? நீதானே சொல்லச் சொன்னே? ரெண்டையும் சொல்லிட்டேன். மூணாவது இருக்குதா?"

அப்போது அவள் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். கதவில் வாயை வைத்துப் பேசின மாதிரி இருந்தது. "லூர்துவக் கேட்டீங்க. வாட்ச்மேனக் கூட்டியாந்து கேட்டீங்க. காளியப்பண்ணனக் கேட்டீங்க. துணி காயப் போடற பையனைக்கூடக் கேக்கறீங்க. எல்லாரையும் கேட்டீங்க."

அவ்வளவுதான். மேலே சொல்லவில்லை.

தமயந்தி அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிறாள். அவளுக்கு என்ன அழுகை? அவளுக்குத்தான் மாப்பிள்ளை சேலைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாரே.

தம்பி, ஏதாவது சொல்லுங்க.

போங்க. தலையை ஆட்டினால் என்ன அர்த்தம்? எல்லோரும் சேர்ந்துகொண்டு.

சரி. சரி. திரும்பிக்கொள்ளுங்க. அந்தத் துண்டைக் காயப் போடுங்க, நீர் சொட்டுகிறது. இந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

மயிலாத்தா.

ஏ, மயிலாத்தா. இருக்கறயா?

உனக்கு எது புடிச்சிருக்குது?

...

தம்பி. இனித் திரும்பலாம்.

கேட்டேன். கேட்டுவிட்டேன், நீங்களே சாட்சி. ஒரு சொல், உடனே சொல்லிவிடுவாள், கதவு திறக்கும் என்று பார்த்தேன். என்ன சொன்னாள் தெரியுமா?

"இருங்க. யோசிக்கறேன்" என்றாள்.

யோசிக்கிறாளாம்! காலையிலிருந்து அவளும்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்? "இதுல யோசிக்க என்ன இருக்குது, ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன். "ஒண்ணு இல்லீங்க" என்றாள். "காலைல ஒரு மாதிரி இருந்துச்சு, வெயிலுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பொழுது எறங்குனா எப்படி இருக்குதுன்னு பாக்கோணும். அவசரப்பட்டு அடிச்சுட்டு அப்புறம் யாரு பாத்துட்டிருக்கறது?"

பொழுது இறங்கினாலாம்! லூர்து போனில் காத்துக்கொண்டிருக்கிறான். அவனிடமும் சொல்லிவிட்டாள், "நீ போய்ச் சாப்புட்டுட்டு வா சாமி, அவசரமில்ல" என்று. கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை? ம்கூம். கைப்பிடி அவன் பையில் சாப்பிடப் போகிறது.

சுவர் இந்தப் பக்கம் இருக்கிறது, இவள் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எப்படிப் பார்ப்பாள் என்று கேட்டேன். "நீங்க உள்ளதான இருக்கறீங்க? நல்லாப் பாத்து எனக்குச் சொல்லுங்க" என்கிறாள்.

அதற்குத்தான் மறுபடியும் அந்த டப்பாவில் போய் உட்காரப் போகிறேன். இப்போது நிழல் பாதிச் சுவருக்கு வந்துவிட்டது. பாதாம்பாலில் அந்தச் சிவப்பு கொஞ்சம் கூடின மாதிரி தெரிகிறது. பருத்தி மங்குகிறது. அதையும் சொல்ல வேண்டும் அவளிடம். இல்லாவிட்டால், ஏன் சொல்லலீங்க என்பாள்.

பன்னிரண்டு மணி வண்டி இந்நேரம் உக்கடம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்கும்.

போகட்டும்.

ஏனுங்க தம்பி, அப்போது தண்ணீர் வேணுமா என்று கேட்டீங்களே. சின்ன டம்ளராக இருந்தால் கம்பிக்குள் நுழையும். கொஞ்சம் எட்டிக் கொடுங்க. இவள் இப்போதைக்குச் சொல்ல மாட்டாள்.